வெள்ளை மெஷினும் ஐந்தடுக்குத் துணியும்

1. மூன்றாவது போன்

"சார், இன்னைக்கு மட்டும் நாலு ஊசி ஒடஞ்சிடுச்சு. மோட்டார்ல தீஞ்ச வாசன வருது. பயந்துபோய் நிறுத்திட்டேன்."

பேசியவர் ஆரோக்கியமேரி. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். அந்த வாரத்தில் அது அவருடைய மூன்றாவது போன்.

தஞ்சாவூரில் ஒரு தையல் மெஷின் கடையில் இருபத்தெட்டு வருடம் விற்பனையும் சர்வீஸும் பார்த்தவன் நான். ஊசி ஏன் ஒடிகிறது என்று முதல் போனிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "பதினாறாம் நம்பர் ஊசி போட்டுப் பாருங்கம்மா, நூல் டென்ஷனைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவர்கள் சாதனைகளை எழுதுவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான், என்ன செய்ய?

2. டெமோ துணி

ஆவணி மாதம் அவர் கடைக்கு வந்தபோது கையில் ஒரு பெரிய கட்டைப்பை. உள்ளே ஒரு போர்வை. பழைய நூல் சேலைகளை ஐந்து அடுக்காகப் போட்டு, மேலே கலர் கலராகச் சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்டு, முழுக்கக் கையாலேயே தைத்தது. சென்னையில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா இதைப் பார்த்துவிட்டுத் தீபாவளிக்குள் பன்னிரண்டு போர்வை கேட்டிருந்தார். கையால் தைத்தால் ஒன்றுக்கே இருபது நாள் ஆகும்.

"எங்க வீட்டுக்காரரு தென்ன மரத்துலேர்ந்து விழுந்துட்டாரு சார். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டி விடலேன்னா முதுகுல புண்ணு வந்துடும்னு டாக்டரு சொல்லிட்டாரு. நடவுக்குப் போனா யாரு புரட்டுறது? தையல்னா பக்கத்துலயே இருந்துக்குவேன்ல."

தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு கஷ்டம் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது.

அவர் கொண்டுவந்த பணத்துக்குள் இரண்டு மெஷின் இருந்தது. ஒன்று, தையல்கடைகளில் ஓடும் கனத்த ஃபுல் ஷட்டில் மெஷின், செகண்ட் ஹேண்ட், மேஜையோடும் மோட்டாரோடும். கறுப்பு நிறம், பெயின்ட் உரிந்தது, முழுக்க இரும்பு, நேர்த்தையலைத் தவிர வேறொன்றும் தெரியாது. இன்னொன்று, புத்தம் புதிய வெள்ளை போர்ட்டபிள். இருபதுக்கு மேல் டிசைன், லைட் எரியும், ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஒட்டுப்போர்வைக்கு டிசைன் தேவையே இல்லை. நேர்த்தையல் போதும். நாள் முழுக்க ஓடினாலும் சூடாகாத மோட்டார் வேண்டும். பிரஷர் ஃபுட் துணியை அழுத்திப் பிடிக்க வேண்டும். சுருட்டிய போர்வை புகுந்து வர ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவே இடம் வேண்டும். வெள்ளை மெஷின் சேலைக்கு ஃபால்ஸ் வைக்கவும் பிள்ளைகளுக்குக் கவுன் தைக்கவும்தான் ஏற்றது. உள்ளே பிளாஸ்டிக் கியர். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

ஆனால் முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். "பழசுல நமக்கு என்ன நிக்குது? வெள்ளைய காட்டுங்க. மாசக் கடைசிக்குள்ள இன்னும் ரெண்டு போகணும்."

எங்கள் தொழிலில் டெமோ துணி என்று ஒன்று உண்டு. கஞ்சி போட்டு மொடமொடப்பாக இருக்கும் காடாத் துணி, இரண்டே மடிப்பு. அதில் எந்த மெஷினும் முத்து முத்தாகத் தைக்கும். வாடிக்கையாளர் துணியை ஊசிக்கடியில் விடக்கூடாது என்பது கடையில் எழுதாத சட்டம். அந்தத் துணியில்தான் வெள்ளை மெஷினை ஓட்டிக் காட்டினேன். இலை டிசைன், அலை டிசைன் எல்லாம் போட்டேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. பிறகு தயங்கித் தயங்கித் தன் போர்வையை நீட்டினார்.

"இதுல ஒரு வரி ஓட்டிக் காட்டுறீங்களா சார்?"

"பழைய துணி போட்டா பஞ்சு அடைச்சிக்கும்மா. இந்தக் காடாத் துணில ஓடுனா எதுலயும் ஓடும்."

சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மெஷினை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

3. தேய்ந்த கியர்

மூன்றாவது போனுக்குப் பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கணவர் சூசைராஜ் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலை ஒட்டியே மெஷின். தைத்துக்கொண்டே கை நீட்டினால் அவரைத் தொட்டுவிடலாம். ஒன்றரைப் போர்வை முடிந்திருந்தது. சதுரங்கள் சேரும் இடத்தில் ஒட்டு மடிப்பும் சேர்ந்து எட்டு, பத்து அடுக்கு வந்திருந்தது. ஊசி அங்கேதான் ஒடிந்துகொண்டிருந்தது. மூடியைக் கழற்றினேன். கியரில் பாதிப் பல் இல்லை.

கடைக்குத் திரும்பி, மெஷினை மாற்றிக் கொடுக்கலாம் என்றேன்.

"கெட்டித் துணி தச்சிருக்காங்க. வாரண்டி கார்டு பின்பக்கத்தப் படிச்சுப் பாருங்க" என்றார் முதலாளி.

"நாமதான் அதைக் கொடுத்தோம்."

"நாம எங்க கொடுத்தோம்? நீங்க கொடுத்தீங்க."

என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன். அந்த வயதில் இந்த வேலையும் போனால் யார் கூப்பிடுவார்கள் என்ற பயம். கியருக்கு ஆர்டர் போட்டிருக்கிறது என்று ஆரோக்கியமேரியிடம் சொன்னேன். கியர் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. மாட்டிய நான்காவது நாளே அதுவும் போனது. அவர் போன் செய்வது நின்றுவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போன் வராதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

4. பதினோரு மணி

நிம்மதி பத்து நாள்கூட நிலைக்கவில்லை. என் வீட்டில் ஒரு பழைய ஃபுல் ஷட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்து எண்ணெய் விட்டு, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். காலை ஒன்பது மணி இருக்கும். ஆரோக்கியமேரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். தெருமுனையில் நடவுக்குப் போகும் பெண்கள் காத்திருந்தார்கள்.

"இப்ப எதுக்கு சார் இது? அந்தம்மா ஆர்டர வேற ஊருக்குக் கொடுத்துட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மெஷினை ஓரமாக இறக்கி வைத்தேன். அவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. வழக்கமா புரட்டி விடுற பக்கத்து வீட்டு அக்காவும் இன்னைக்கு இல்ல. பதினோரு மணிக்கு இவர ஒருதரம் புரட்டி விட்டுட்டுப் போறீங்களா?"

ஆட்டோவை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். சூசைராஜ் இந்த வருடம் காவிரித் தண்ணீர் கடைமடைவரை வந்ததா என்று கேட்டார். தெரியாது என்றேன். பதினோரு மணிக்கு அவர் சொல்லச் சொல்ல, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துப் புரட்டினேன். சட்டை விலகியது. முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் குழிந்திருந்தது.

"பயப்படாதீங்க சார். எனக்கு வலிக்காது" என்றார் சூசைராஜ்.

ஒரு மணிக்கு இன்னொரு முறை புரட்டினேன். ஆரோக்கியமேரி வரும்வரை அங்கேயே இருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு மாடல்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் போனிலேயே இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாம் கடையில் சொல்லும் பொய் கடையில் இருப்பதில்லை. மெஷினோடு கிளம்பி ஒருவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே அது யார் உடம்பில் புண்ணாகிறது என்று நம்மில் பலருக்குக் கடைசிவரை தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது.