ஐந்து மணிக்கு இறுகும் கால்

கம்பம் ஊரில் பிசியோதெரபிஸ்டாக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். ஒரு நோயாளியின் காலைப் பார்த்துப் பயந்தது ஒரே ஒரு முறைதான்.

தங்கராசு ஜீப் டிரைவர். ஏலத்தோட்டத்துப் பெண்களைக் காலையில் மலையேற்றி, மாலையில் இறக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் மாலை ஐந்து மணிவாக்கில் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை மலைப்பக்கம் உரசவிட்டு நிறுத்தினார். யாருக்கும் பெரிய அடியில்லை. ஆனால் அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"சாயங்காலமானா கெண்டக்காலு கல்லாட்டம் ஆயிருது மேடம். நெஞ்சும் பிடிக்குதுங்குறாக. ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் பாத்துட்டு டாக்டரு ஒண்ணுமில்லைன்னுட்டாக" என்றார் மனைவி செல்வி.

மாலை ஐந்துக்கு வரச்சொன்னேன். கெண்டைக்காலில் ஹாட் பேக் ஒத்தடம் வைத்து, கண்ணை மூடிப் படுக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் வலது பாதம் அழுந்தியது, விட்டது. பிறகு இடது பாதம். மார்புக்கு மேலே கைகள் லேசாகத் திரும்பின. இடம், வலம், மறுபடி நீளமாக இடம். அந்த மலைப்பாதையில் பலமுறை போயிருக்கிறேன். வளைவுகளின் வரிசை எனக்குத் தெரியும். ஜன்னல் சாத்திய, கடிகாரமில்லாத அறையில் அவர் மலையிறங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் அழுந்தியது. விடவேயில்லை. என் கைக்கடியில் சதை இறுகியது. முகமெல்லாம் வேர்வை.

"அண்ணே, தூங்குறீகளா?"

"முழிச்சுத்தான் இருக்கேன் மேடம். காலு எம்பேச்சக் கேக்கல."

அங்கே நான் ஒரு தவறு செய்தேன். கால் களைத்தால் அடங்கும் என்று அதே ஐந்து மணிக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தேன். மூன்றே நாளில் அவருடைய தூக்கமும் போயிற்று.

அதன்பிறகுதான் அவருடைய முழு நாளையும் கேட்டேன். பழைய பழக்கத்தில் நாலு மணிக்கே விழிப்பு. எங்கும் போக வேலையில்லாமல் பத்து வரை இருட்டறையில் படுக்கை. சாப்பாடு நினைத்த நேரத்தில். மதியத்திலிருந்தே அந்த ஐந்து மணிக்குப் பயந்து காத்திருப்பு.

பயிற்சியை விடியலுக்கு மாற்றினேன். வெயில் முகத்தில் பட, திராட்சைத் தோட்டத்துச் சாலையில் நடை. சாப்பாடும் தூக்கமும் தினமும் குறித்த நேரத்தில். மாலையில், கால் தொடங்குவதற்கு முன்பே செல்வியோடு மெதுவான நடை.

முதல் வாரம் செல்வி ஓடிவந்தார். "நடுரோட்டுல நின்னுட்டாக மேடம். வலது கால எடுக்கவே முடியல. பின்னால பஸ்ஸு ஆரன் அடிக்குது!"

"என்ன செஞ்சீக?"

"கையப் பிடிச்சு, ஒவ்வொரு காலாச் சொல்லிச் சொல்லி நடத்திக் கூட்டியாந்தேன்."

"நாளைக்கும் அதையே செய்யிங்க."

இரண்டு மாதம் ஆயிற்று. ஐந்து மணிக்குப் பெட்டில் படுக்கவைத்துப் பார்த்தேன். பாதம் இரண்டு முறை துடித்து அடங்கியது. சதை இளகியிருந்தது. இப்போது வாழைத்தார் ஏற்றும் வண்டியைச் சமவெளியில் ஓட்டுகிறார். மலைக்குப் போகவில்லை; போகச்சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று மட்டுமே அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் கேஸ் ஷீட்டில் முதல் வரியாக நேரத்தை எழுதத் தொடங்கினேன். கழுத்துவலி என்று வந்த ஒரு டீச்சரிடம், "எத்தனை மணிக்கு வரும்?" என்றேன். யோசிக்காமல், "காலைல எட்டு நாப்பது" என்றார். சொன்னபிறகுதான் அவர் முகம் வெளுத்தது.

"ஸ்கூல் பெல்லே இல்லாத லீவு நாள்லயும் அதே நேரந்தான் மேடம்" என்றார்.

காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று கேட்டு, எழுதத் தொடங்கினேன்.