பாயின் ஜோபியில் ஃபியூஸ் கட்டை

பாய் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அவர் சட்டை ஜோபியில் புடைத்துக்கொண்டிருக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். ஒயரில் கை வைக்கும் முன் மெயினிலிருந்து அதைப் பிடுங்கி ஜோபியில் போட்டுக்கொள்வார். வீட்டுக்காரர்கள் யாராவது தெரியாமல் திரும்பச் சொருகிவிடக் கூடாதே என்ற பயம். நான் தச்சன், அவர் எலக்ட்ரீஷியன். பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் பாதி வேலைகளுக்குச் சேர்ந்தே போவோம். அந்தக் கட்டையை வைத்து அவரை நான் கேலி செய்யாத நாள் குறைவு.

அன்று குமணன்சாவடியில் ஒரு பழைய ஓட்டு வீடு. கூடத்துக்கு மேலே சட்டங்களின் மீது பலகை அடித்துப் பரண் ஆக்க வேண்டும். சட்டங்களுக்குக் குறுக்கே ஒயர்கள் கிடந்தன. அவற்றின் மேலேயே பலகையைப் போட்டு அடித்துவிடலாம் என்றேன். பலகை அழுத்தினால் ஒயர் நசுங்கும், ஆணி இறங்கினால் வீடே எரியும், அறுத்துச் சட்டத்தின் பக்கவாட்டில் கொண்டுபோகிறேன் என்றார் பாய். எனக்கு எரிச்சல். மதியம் ஆவடியில் வேறு வேலைக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஏணியில் பாதி ஏறியவர், ஒயரில் கரன்ட் இருக்கிறதா என்று பார்க்கக் கையை நீட்டி டெஸ்டர் கேட்டார். அது அவருடைய கருவிப் பையின் அடியில் எங்கோ கிடந்தது. தேட எனக்குப் பொறுமையில்லை.

"பீஸே உன் ஜோபில கீது. டெஸ்டர் இன்னாத்துக்கு பாய்? ஏறு சீக்கிரம்."

சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். நான் முகத்தைத் துடைத்தபடி கீழே நின்றேன். காற்று சுகமாக இருந்தது. அதைச் சொல்ல இன்றும் கூசுகிறது. நிமிர்ந்து பார்த்தேன், ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டை பாயிடம் இருக்கும்போது ஃபேன் எப்படிச் சுற்றும்? அந்த வீட்டு மகன் முந்தின வாரம்தான் இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருந்தான். காலையில் என் பையை நான் வைத்ததே அந்தப் பெட்டியின் மேல்தான். கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் மேலே தொம்மென்று ஏதோ விழுந்தது. ஓடிப்போய் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு ஏணிக்கு வந்தேன். என்னத்தைப் பார்க்கப்போகிறேனோ என்று ஒவ்வொரு படியாக ஏறினேன். சட்டங்களின் குறுக்கே கண் திறந்தபடி மல்லாந்து கிடந்தார். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அவர்தான் "தண்ணி" என்றார்.

பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் இன்றும் மடங்காது. "டெஸ்டரை மறந்துட்டு ஏறிட்டேன், என் தப்புதான்" என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் மனைவியிடமும் அதையேதான் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அந்த அம்மா எப்போதாவது என் முகத்தை நேராகப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன வாரம் திருவேற்காட்டில் மறுபடி ஒரு பரண் வேலை. அவர் கேட்கும் முன்பே டெஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். பாய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். தன் ஜோபியில் போட்டுக்கொள்ளாமல் என் ஜோபியில் போட்டார்.

"உன்கிட்டயே இருக்கட்டும் நைனா."

ஏறினார். அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். ஃபேனும் நின்றுதான் இருந்தது. ஆனாலும் அவர் இறங்கி வரும்வரை அதன் மேலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.