மாமாவின் தலைக்கு யார் கத்தரி போடுவது?

என் அக்காவின் கணவர் சலூன் வைத்திருக்கிறார். ஊரில் பாதித் தலைகள் அவர் கைக்குப் பழக்கம். ஆனால் அவர் தலையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. "ஒங்களுக்கு யாரு வெட்டுறது?" என்று கேட்டால், "நானேதான், கண்ணாடி பாத்து" என்று வாய் கூசாமல் புளுகுவார். தன் பின்மண்டைக்குத் தானே கத்தரி போடுகிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.

வெட்டுவது அக்கா. கடை விடுமுறையன்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற இரகசிய வேலை அது. காரணம், மாமாவின் வலது காதுக்கு மேலே இருந்த வீக்கம். சின்ன வயதில் பட்டாணி அளவாம், இப்போது எலுமிச்சை. உள்ளே ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடந்தன. நாடி போலத் துடிக்கும். காதை வைத்தால் உஸ்ஸென்று கேட்கும். அக்கா அந்தப் பக்கம் முடியை நீளமாக விட்டு நைசாக மறைத்துவிடுவாள். அதை ஸ்டைல் என்று நம்பி, "எனக்கும் ஒங்கள மாதிரியே" என்று கேட்டவர்கள் உண்டு. மாமாவும் கூச்சமில்லாமல் வெட்டிவிட்டார்.

வீக்கம் பெரிதாகவே, அக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். துணைக்கு நான். அறுவை செய்கிற டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்:

"மேல்தோல் ரொம்ப மெலிஞ்சுபோச்சு. சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் பீய்ச்சி அடிக்கும், உயிருக்கே ஆபத்து. மொதல்ல தொடை வழியா சின்னக் குழாய விட்டு, வீக்கத்துக்கு வர்ற ரத்தத்தப் பசை வெச்சு அடைப்போம். மறுநாள் வெட்டி எடுத்துடுவோம்."

"வீக்கம் தலைலதான இருக்கு? தொடைல என்ன வேலை?" என்றார் மாமா. வேறு கேள்வி இல்லை. உடனே தலையாட்டிவிட்டார். எனக்கே ஆச்சரியம்.

முதல் நாள் வேலை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை வார்டு ஊழியர் முடி எடுக்கும் மெஷினோடு வந்தார். மாமா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

"மெஷின இப்பிடியா பிடிப்பாங்க? கரண்டி மாதிரி!"

ஊழியருக்கு ரோஷம் வந்து டாக்டரம்மாவையே அழைத்து வந்துவிட்டார்.

"நான் தலைய அறுக்கப்போறேன், அதுக்குப் பயமில்ல. முடி எடுக்கவா பயம்?"

"ஒங்க தொழில் ஒங்களுக்குத் தெரியும் டாக்டரம்மா. இவருக்கு எங்க தொழில் தெரியுமா?"

"அப்போ இத்தன வருஷமா யாரு வெட்டினது? ஒரு கீறல்கூட இல்லியே!"

மாமா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அங்கே படுத்திருந்தவர் அவருடைய வாடிக்கையாளர். அவருக்கும் வலது பக்கம் முடி நீளம்.

"எம் பொண்டாட்டி" என்றார் மாமா, சுவரைப் பார்த்து.

பக்கத்துக் கட்டில்காரர் தன் முடியைத் தடவிக்கொண்டார்.

டாக்டரம்மா அக்காவைக் கை கழுவச் சொல்லி, கையுறை மாட்டி மெஷினைக் கொடுத்தார். வீக்கத்தைச் சுற்றி முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"அழாத, கை நடுங்கும்" என்றார் மாமா.

"நீங்க பேசாதீங்க, தல ஆடுது."

அவர் பிழைக்க வேண்டுமே என்று அப்போதுதான் நானும் சாமியை வேண்டிக்கொண்டேன்.

அறுவை நன்றாக முடிந்தது. காயம் ஆறி, முடியும் வளர்ந்தது. "இனிமே யாருகிட்ட வேணும்னாலும் வெட்டிக்கலாம்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அடுத்த விடுமுறையன்று மாமா கழுத்தில் துண்டோடு சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை.

"டாக்டரம்மாதான் சொல்லிட்டாங்களே, எதிர்க்கடைல வெட்டிக்கங்களேன்" என்றாள் அக்கா.

"அவங்களுக்கு ஆபரேஷன்தான் தெரியும். அங்க தோல் இன்னும் மெல்லிசாதான் இருக்கு."

அக்கா தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். தடித்து, கெட்டியாக இருந்தது.

"ஆமாங்க, ரொம்ப மெல்லிசாதான் இருக்கு" என்று கத்தரியை எடுத்தாள்.