எடெல்மிரா வருடாவருடம் கொளுத்திய முகம்

எடெல்மிராவிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கியவர் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. குவாயாகில் நகரத்தில், உப்பங்கழியை ஒட்டிய அந்தத் தெருவில், காலையில் கொர்விச்சே போட்டு விற்பாள். வாழைக்காயைத் துருவி, நிலக்கடலை அரைத்துச் சேர்த்து, உள்ளே மீன் வைத்துப் பொரித்தது. ருசியில் ஒரு குறை சொல்ல முடியாது. "ஒண்ணு போதுமா? பொண்டாட்டிக்கு வேண்டாமா, இல்ல அவளும் ஓடிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டேதான் பொட்டலம் கட்டுவாள். வாங்கியவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள், மறுநாளும் வந்து நிற்பார்கள்.

மத்தியானத்துக்கு மேல் காகித வேலை. கடையில் காசு கொடுத்து ஒரு பொம்மை வாங்குவதென்றால் அவளுக்குப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி. மரவள்ளி மாவைக் கரைத்துக் கிண்டிய பசை, கடைக்கார காலோவை அதட்டி வாங்கிய பழைய செய்தித்தாள், சிமெண்ட் மூட்டைக் காகிதம், கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட், அடுப்புக்கரி. அவ்வளவுதான் அவளுடைய முதல். மகன் ஃபிரெடி சின்னப் பையனாக இருந்தபோது அவனுக்கு வேண்டிய அத்தனையும் இதில்தான் வந்தது. பிறந்தநாளுக்கு மிட்டாய் நிரப்பி அடித்து உடைக்கிற காகிதக் கழுதை, பள்ளிக்கூட நாடகத்துக்குக் கிரீடம், கிறிஸ்துமஸ் குடிலுக்கு முட்டை அட்டையில் ஆட்டுக்கூட்டம்.

தெருப் பெண்களும் அவளைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். கையில் காசில்லாத தெரு அது, வேறு வழியில்லை. செய்ததைக் கொண்டுவந்து காட்டுவார்கள். "இது முகமூடியா, சொறி புடிச்ச பப்பாளியா? பசையைக் கொதிக்கவே விடல நீ. கட்டி கட்டியா நிக்குது பாரு" என்பாள். எங்கே தப்பு என்பதைச் சரியாகச் சொல்லிவிடுவாள் என்பதற்காகவே அந்தத் திட்டை வாங்கிக்கொண்டார்கள்.

டிசம்பர் கடைசி நாளன்று எல்லா வீட்டு வாசலிலும் ஒரு கிழட்டு வருஷம் உட்கார்ந்திருக்கும். பழைய சட்டை, கால்சட்டைக்குள் மரத்தூளும் காகிதமும் திணித்து, மேலே முகமூடி மாட்டிய ஆள். பகலெல்லாம் அதை உதைத்து, பெல்ட்டால் விளாசி, வாய்க்கு வந்தபடி திட்டி, நள்ளிரவில் நடுத்தெருவில் கொளுத்துவார்கள். மற்ற வீடுகளில் வருடத்துக்கு ஒரு முகம்: ஒரு வருடம் மந்திரி, ஒரு வருடம் பந்தாட்டக்காரன். எடெல்மிரா வீட்டில் மட்டும் எப்போதும் ஒரே முகம். அவளுடைய புருஷன் ஒல்மேதோவின் முகம்.

அந்த முகத்தை அவனே கொடுத்தான் என்பதுதான் வேடிக்கை. கல்யாணமான முதல் வருடம், முகமூடி வாங்கக் காசில்லை. "எம்மூஞ்சி சும்மாதான கிடக்கு, அதை எடுத்துக்கோ" என்று மல்லாந்து படுத்தான். முகத்தில் எண்ணெய் தடவி, காகிதக் கீற்றுகளைப் பசையில் நனைத்து ஒட்டினாள். அவன் சிரித்துச் சிரித்து இரண்டு தடவை கெடுத்தான். கொத்தனார் என்பதால் அவனே சிமெண்ட் குழைத்து அந்த முகத்துக்கு ஒரு அச்சும் வார்த்துக் கொடுத்தான். அந்த வருடம் தெரு முழுக்கச் சிரித்தது, அவனும் தன்னையே பெல்ட்டால் அடித்துச் சிரித்தான்.

பிறகு ஃபிரெடி மூன்றாம் வகுப்புப் படிக்கையில் ஒல்மேதோ எதிர்வீட்டு பெல்ஹிகாவோடு குடித்தனம் போனான். ஊர்விட்டு ஊர் போயிருந்தால்கூட எடெல்மிரா மறந்திருப்பாளோ என்னவோ. ரோட்டைத் தாண்டிப் போனான், அவ்வளவுதான். நல்ல துணியை எடுத்துக்கொண்டு, கிழிந்ததை விட்டுவிட்டுப் போனான். அந்த டிசம்பரில் அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து அச்சை இழுத்தாள். அவன் விட்டுப்போன சட்டை ஒன்றுக்கு மரத்தூள் திணித்தாள். தெருவே பெல்ட்டோடு வந்தது.

அதிலிருந்து வருடாவருடம் அதே கதை. ஒல்மேதோ வெட்கம் கெட்டவன். எதிர்வாசலில் நாற்காலி போட்டு, பீர் பாட்டிலோடு உட்கார்ந்து, தான் எரிவதைப் பார்ப்பான். "இந்த வருஷம் மீசை நல்லா வந்திருக்கு, எடெல்மிரா!" என்று கத்துவான். அதைக் கேட்டு அவளுக்கு வயிறு எரியும். ஆனால் அவன் பார்க்காவிட்டால் கொளுத்தித்தான் என்ன பயன்? அந்த ஒரு ராத்திரிக்காக மீதி நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தாள். ஃபிரெடியிடமும் கறாராகச் சொல்லியிருந்தாள்: "அந்த வாசப்படிய மிதிச்ச, இந்த வாசப்படி உனக்கில்ல."

ஃபிரெடி பஞ்சர் கடையில் வேலை பார்க்கும் வாலிபனாகிவிட்டான். அதிகம் பேசமாட்டான். அந்த வருடம் மீசை வைத்திருந்தான். வீட்டில் பசை மட்டும் சட்டியில் குறைந்துகொண்டே வந்தது. கரப்பான் தின்கிறது என்று எடெல்மிரா உப்பும் வினிகரும் கலந்து பார்த்தாள். அப்புறம் காலோவின் பூனைதான் என்று முடிவு கட்டி, பூனையையும் காலோவையும் சேர்த்துத் திட்டினாள். ஒல்மேதோவின் பழைய சட்டைகளும் முந்தின வருடத்தோடு தீர்ந்திருந்தன. என்ன செய்ய? ஃபிரெடி கழித்துப்போட்ட, கிரீஸ் கறை படிந்த நீலச் சட்டையை எடுத்து பொம்மைக்கு மாட்டிவிட்டாள்.

டிசம்பர் கடைசி நாள் மத்தியானம் காலோ வந்தான். தெரு ஆண்கள் அன்று கிழட்டு வருஷத்தின் விதவைகளாக வேஷம் போட்டுக்கொண்டு வண்டிகளை மறித்துச் சில்லறை கேட்பது வழக்கம். அவனும் கறுப்பு கவுன், உள்ளே இரண்டு தேங்காய் மூடி, உதட்டுச் சாயம் என்று வந்து நின்றான். "ஐயோ என் ராசா, எம்பூனையைத் திட்டுனவ புருஷா!" என்று ஒப்பாரி வைத்து, பெல்ட்டைக் கழற்றி, பொம்மையின் முகத்திலேயே ஒன்று வைத்தான். கூட்டம் கைதட்டியது.

எதிர்வீட்டிலிருந்து ஒரு சின்னப்பெண் தலைதெறிக்க ஓடிவந்தது. பெல்ஹிகாவுக்கும் ஒல்மேதோவுக்கும் பிறந்த நயேலி, ஏழு வயசு. பொம்மையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள்.

"அடிக்காதீங்க! எங்கண்ணனை அடிக்காதீங்க!"

"அடப் பாப்பா," என்று காலோ குனிந்தான், "இது உங்கப்பாதான். வருஷா வருஷம் அடிக்கிறதுதான?"

"பொய்! எங்கப்பா கிழவரு. இது ஃபிரெடி அண்ணன்! இது அண்ணன் சட்டை. எனக்கு அட்டையில வீடு ஒட்டித் தந்தப்போ இதத்தான் போட்டிருந்துச்சு." எடெல்மிரா பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, நிறுத்தச் சொல்லுங்க பெரியம்மா!"

"யாருடி உனக்குப் பெரியம்மா?"

வாய்தான் சொல்லிற்று. கண் பொம்மையை விட்டு அசையவில்லை. அச்சுக்கு வயசாகவில்லை, ஒல்மேதோவுக்குத்தான் வயசானது. அந்தப் புருவம், அந்த மோவாய், தென்னை நாரில் அவளே வெட்டி ஒட்டிய அந்த மீசை. காலையில் காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போன மகன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தான்.

"பெத்த பிள்ளையையே கொளுத்தப் பாத்தாளே!" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது. எடெல்மிரா பொம்மையை அக்குளில் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலத்துக்கு முன்பே ஃபிரெடி வந்துவிட்டான். தெருமுனையிலேயே அவனிடம் எல்லாம் சொல்லியிருப்பார்கள்.

"எத்தனை நாளா அங்க போற?"

"அவ நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

"எம்பசையத் திருடிக்கிட்டு! நான் காலோ பூனையைத் திட்டிக்கிட்டிருந்தேனே, வாயத் தொறந்தியாடா?"

"உன் பசைதாம்மா ஒட்டுது."

"அந்த ஆளைப் பாக்கவா போன?"

"அந்தாளோட நான் பேசறதே இல்ல. குழந்தையப் பாக்கப் போனேன். அவளுக்கும் பொம்மை வாங்க அங்க காசில்ல." சட்டையில்லாமல் கிடந்த பொம்மையை ஒரு தரம் பார்த்தான். நீலச் சட்டையை அவள் ஏற்கெனவே உருவியிருந்தாள். "அவ இன்னிக்குத்தான் பாத்தா. நான் சில வருஷமாவே பாத்துக்கிட்டிருக்கேன். கண்ணாடி முன்னால நிக்கிறப்பல்லாம் தெரியும், இதத்தான் எங்கம்மா கொளுத்துதுன்னு."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்பியா?"

நிறுத்தியிருக்க மாட்டாள் என்பது அவளுக்கே தெரிந்தது. அது ஒல்மேதோ மேல் வந்த கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது.

அவன் கொல்லைப்பக்கம் போய்விட்டான். எடெல்மிரா தரையில் உட்கார்ந்தாள். இந்த முகத்தை இனி கொளுத்த முடியாது. கொளுத்தாமல் விட்டாலோ, எதிர்வாசலில் நாற்காலி வரும், பீர் பாட்டில் வரும். எடெல்மிரா மன்னிச்சிட்டா என்று தெரு பேசும். மன்னிப்பாவது! அந்த வார்த்தையை நினைத்த மாத்திரத்தில் எழுந்துவிட்டாள். பசைச் சட்டி, கிழித்த காகிதம், எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் கூடையில் போட்டாள். பழைய முகமூடியைக் கழற்றி அதையும் வைத்துக்கொண்டாள். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக ரோட்டைத் தாண்டினாள்.

பெல்ஹிகா கதவைப் பாதிதான் திறந்தாள். "சண்டைக்கா வந்தீங்க? அடுப்புல வேலை கிடக்கு, சீக்கிரம் போட்டு முடிங்க."

"உங்கிட்ட எனக்கென்னடி சண்டை? அந்தாளோட மூஞ்சி வேணும். அரை மணி நேரம்."

உள்ளே போனதும் அலமாரியில் அட்டை வீடு கண்ணில் பட்டது. செருப்புப் பெட்டியில் வெட்டி, மூலைகளுக்குச் சிமெண்ட் காகிதத்தை மடித்து ஃபிரெடி ஒட்டியிருந்தான். அவள் வீட்டுக் கதவின் பச்சைப் பெயிண்ட். பக்கத்தில் முட்டை அட்டை ஆடுகள். அதில் ஒரு ஆட்டுக்குக் காது கோணல். சின்ன வயசிலும் ஃபிரெடி காதைக் கோணலாகத்தான் வெட்டுவான், அதற்காக அவளிடம் குட்டு வாங்குவான்.

"கடைசில வந்துட்ட பாத்தியா!" ஒல்மேதோவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கேட்காமலே பெஞ்சில் மல்லாந்து படுத்தான். "நீயில்லாம எனக்கு வருஷம் பொறக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"கண்ண மூடு. வாய மொதல்ல மூடு."

எண்ணெய் தடவினாள். விரலுக்கு வழி தெரிந்திருந்தது, ஊர்தான் மாறியிருந்தது. கன்னம் உள்ளே போய்விட்டது. ஒரு பக்கம் பல் இல்லை. கீற்று கீற்றாக ஒட்டினாள். மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டாள்.

"வாய்ல ரெண்டு சுத்து அதிகமா ஒட்டுங்க," என்றாள் பெல்ஹிகா அடுப்படியிலிருந்து. "வருஷம் பூரா அது ஒண்ணுதான் வேலை செய்யுது."

எடெல்மிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில், அவள் எதிரில் சிரிக்கவா? உதட்டைக் கடித்துக்கொண்டு வாய் மேல் இன்னும் ஒரு சுற்று ஒட்டினாள்.

பாதி காய்ந்ததும் விளிம்பில் நகத்தைக் கொடுத்து முகத்தைத் தூக்கினாள். ஒல்மேதோ எண்ணெய் வழிய எழுந்து உட்கார்ந்தான். "காட்டு, காட்டு." அவள் திருப்பிக் காட்டினாள். அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"இது யாரு?"

"நீதான்."

"நல்லா பாத்துப் பண்ணு, எடெல்மிரா. கன்னமெல்லாம் தொங்குது."

"நான் ஒண்ணும் பண்ணல. இருந்தத எடுத்தேன்."

அவன் கையால் தன் கன்னத்தைத் தடவினான். அத்தனை வருடமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் பார்த்தது தன் வாலிப முகத்தை. எரிந்தாலும் அது அழகான முகம். "பழசையே கொளுத்தேன்," என்றான், குரல் இறங்கிப்போயிருந்தது. "தெருவுக்கும் அதுதான பழக்கம். இது வேண்டாம்."

"அது என் மகன்," என்றாள் எடெல்மிரா.

கூடையிலிருந்து பழைய முகமூடியை எடுத்தாள். நயேலி கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் கையில் அதைத் திணித்தாள். "உங்கண்ணன் மூஞ்சி. ஈரத்துல வெக்காத, பூச்சி பிடிக்கும். பசை வேணும்னா அவனைத் திருடச் சொல்லாத. எங்க வாசல்ல வந்து கேளு, ரெண்டு திட்டு வாங்கிக்கிட்டு எடுத்துட்டுப் போ."

ரோட்டுக்கு இறங்கும்போது ஜன்னலிலிருந்து அவள் தோளில் ஏதோ வந்து விழுந்தது. ஒல்மேதோவின் சட்டை, துவைக்காதது. "இதையும் சேத்துக் கொளுத்துங்க!" என்றாள் பெல்ஹிகா. எடெல்மிரா நன்றி சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

முகமூடியை அடுப்புச் சூட்டில் காயவைத்தாள். நரைக்கு அடுப்புச் சாம்பலைப் பூசினாள். இருட்டுவதற்குள் பொம்மை மறுபடி வாசலில் உட்கார்ந்துவிட்டது. "யாருடா இந்தக் கிழவன்?" என்று தெரு கேட்டது. காலோதான் முதலில் கண்டுபிடித்தான். தேங்காய் மூடி இரண்டும் கழன்று விழச் சிரித்துவிட்டு, பெல்ட்டை எடுத்தான். ஃபிரெடி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தான். "மூக்கு சரியா வந்திருக்கும்மா," என்றான்.

"மூக்கு மட்டுமா? உனக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று அவனிடம் எரிந்து விழுந்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் தெருவெல்லாம் தீ. கிழட்டு ஒல்மேதோவும் எரிந்தான். பசை நன்றாகக் காயாததால் முதலில் புகைந்து, பிறகு பற்றிக்கொண்டான். எடெல்மிரா தீயைப் பார்க்கவில்லை. எதிர்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி வெளியே வரவில்லை.