ஒரு பக்கத்துக்கு ஒரு தசை

ஒன்றைத் தெளிவாகக் காட்ட, அதைச் சுற்றியிருக்கும் மற்றவற்றை எடுத்துவிட வேண்டியிருக்கிறது. அப்படி எடுத்துவிட்டவற்றுக்கு யார் பொறுப்பு? சங்கமித்ராவின் வாழ்க்கை கேட்டதாகத் தோன்றும் கேள்வி இதுதான். அவர் இதை இந்தச் சொற்களில் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆஸ்டின் டவுனில் பிறந்தவர். அப்பா ராணுவ மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளினார். பிசியோதெரபி படிக்கப் போன சங்கமித்ரா உடற்கூறியல் தாளில் இரண்டு முறை தோற்றார். பாடப்புத்தகம் தலையணை கனம். ஒரு காலின் படத்தைத் திறந்தால் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் பின்னிக் கிடக்கும்; தசை எது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மூன்றாம் முறை மொத்தத்தையும் புரியாமலே மனப்பாடம் செய்து தேறினார். அந்த அவமானம் அவரை விட்டுப் போகவே இல்லை. அவரைச் சிறந்த ஆசிரியை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கவனமான ஆசிரியை என்று சொல்லலாம். தன்னைப் போல இன்னொருத்தி திணறக் கூடாது என்பதில் மட்டும் அவருக்கு ஒரு வெறி இருந்தது.

ஓசூர் ரோட்டில் ஒரு மருத்துவமனையை ஒட்டி, பிசியோதெரபி உதவியாளர்களுக்கான இரண்டு வருடப் படிப்பு நடந்தது. சங்கமித்ரா அங்கே முதல் வருடத்துக்குத் தசைப் பாடம் எடுத்தார். 1996-இல் புதிய பாடப்புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதல்வர் சீனிவாசராகவன் அவரிடம் கொடுத்தார். ஓய்வுபெற்ற எலும்பு டாக்டரான அவருடைய மேசையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று அந்தப் பழைய தலையணை. இன்னொன்று மெல்லிய, வண்ணப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு தசை. வெள்ளை எலும்பின் மேல் ஒரே ஒரு சிவப்புச் சதை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இழுத்தால் எது அசையும், பிடித்துக்கொண்டால் எப்படி நீவ வேண்டும். அவ்வளவுதான்.

சீனிவாசராகவன் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா இது, கசாப்புக்கடை போர்டு மாதிரின்னா இருக்கு!"

"கசாப்புக்கடைக்காரருக்கு எந்தச் சதை எங்க இருக்குன்னு தப்பில்லாம தெரியும் சார்."

"ரத்தக்குழாய் எங்க? நரம்பு எங்க? ஒடம்புல சதை மட்டும் தனியாவா தொங்கறது?"

"அதெல்லாம் ரெண்டாவது வருஷம் வருது சார். நம்ம பிள்ளைங்க பத்தாவது முடிச்சிட்டு ஆனேக்கல்லேர்ந்து பஸ் ஏறி வர்றாங்க. முதல்ல ஒண்ணு புரியட்டும்."

முதல்வர் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் தசைப் பாடத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பிப்ரவரிக் காலை பதினோரு மணிக்கு, முதல் வருட மாணவி பார்கவி ஆண்கள் வார்டில் ராஜேந்திரன் என்பவரின் கட்டில் அருகே நின்றாள். அவர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டர். லாரி இடித்துத் தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்துப் பன்னிரண்டு நாளாகப் படுத்திருந்தார். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லிக்கொடு என்று மட்டும் பார்கவியிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"பாதத்தை விடும்மா," என்றார் ராஜேந்திரன். "கெண்டைக்கால்ல கொரக்குவலி புடிச்சி இழுக்குது. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

கொரக்குவலி என்றால் நீவிவிட வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் பார்கவி யாரையும்போலச் செய்யவில்லை. முதலில் தொட்டுப் பார்த்தாள். கெட்டியாக, கொஞ்சம் சூடாக இருந்தது. கண்ணை மூடி அந்தப் பக்கத்தை நினைவுக்குக் கொண்டுவந்தாள். தசையின் இரண்டு தலைகள், கீழே குதிகாலில் போய் முடியும் தடித்த வெள்ளைப் பட்டை. கீழேயிருந்து மேலாக, ஆழமாக, பத்து நிமிடம் நீவினாள்.

"எங்க வீட்டுக்காரி கூட இப்படிப் புடிச்சி விட்டதில்ல," என்றார் ராஜேந்திரன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சரசு விடவில்லை. "புடிச்சி விட்டா மட்டும் எந்திரிச்சி வேலைக்கு ஓடிடுவியாக்கும்! கால நீட்டிக்கினு ராஜா மாதிரி படுத்துக்கினு பேச்சப் பாரு."

மூவரும் சிரித்தார்கள். பார்கவி அடுத்த கட்டிலுக்குப் போனாள். டீ குடிக்க எழுந்து உட்கார்ந்த ராஜேந்திரன் டம்ளரைச் சரசுவிடம் திருப்பிக் கொடுத்தார். மூச்சு வரல என்றார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது முப்பத்து நான்கு.

காலின் ஆழத்து ரத்தக்குழாயில் கட்டியிருந்த ரத்தம் பெயர்ந்து போய் நுரையீரலை அடைத்திருந்தது. அது தானாகவும் பெயர்ந்திருக்கலாம் என்றார் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர். யாரும் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை பார்கவி ஆசிரியர் அறை வாசலில் காத்திருந்தாள். அவள் அழவில்லை. "மிஸ், நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். கீழருந்து மேல. எலும்பு மேல அழுத்தவே இல்ல. எதனா விட்டுட்டேனா மிஸ்?"

சங்கமித்ரா நேராக நூலகத்துக்குப் போனார். இரண்டு புத்தகங்களையும் கெண்டைக்கால் படத்தில் திறந்து அருகருகே வைத்தார். தலையணையில், தசையின் அடியில், ரத்தக்குழாய்களின் நீலக் கோடுகள் கொடிபோல் ஏறிப் போயின. ஓரத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்தது: வீங்கி, சூடாக, வலிக்கும் கெண்டைக்காலை நீவாதே. தான் தேர்ந்தெடுத்த புத்தகத்தில் அந்த இடம் சுத்தமான வெள்ளைத் தாளாக இருந்தது. வகுப்பில் ஒருமுறையாவது வாயால் சொன்னோமா என்று யோசித்தார். சொன்னதாக நினைவில்லை.

மறுநாளே கடிதம் எழுதினார். மாணவி கற்பித்ததைச் செய்தாள், கற்பிக்காதது என் பிழை, புத்தகம் என் தேர்வு. அதை முதல்வரின் மேசையில் வைத்தபோது மருத்துவமனை மேனேஜரும் இருந்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னதை மீறி நடந்துக்கிட்டா. அதோட முடிஞ்சது," என்றார் மேனேஜர். "இந்த லெட்டர் ஃபைல்ல ஏறிச்சுன்னா போலீஸு, கோர்ட்டு, பேப்பர் எல்லாம் வரும். அந்தப் பொண்ணு பேரும்தான் பேப்பர்ல வரும். அதுக்குச் சம்மதமா மேடம்?"

சங்கமித்ரா முதல்வரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "எடுத்துண்டு போயிடும்மா," என்றார் மெதுவாக.

எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண்ணின் நன்மைக்காக என்ற காரணம் கைக்கு வாகாகக் கிடைத்தது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை அளக்க வழியில்லை. அந்த வாரமே பார்கவியின் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கமித்ரா ஆனேக்கல்லுக்கு பஸ் ஏறினார். பார்கவி வீட்டில் இல்லை. கார்மென்ட்ஸில் சேர்ந்துவிட்டாள், ஓவர்டைம் என்றாள் அவள் அம்மா மங்களம். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு நின்றபடியே கேட்டாள்.

"டீச்சரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தொடக் கூடாதுன்னு அந்த புஸ்தகத்துல இருந்துச்சா, இல்லையா?"

"இல்ல."

"அப்போ எங்க பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

சங்கமித்ரா குடிக்காத டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதை அங்க சொன்னீங்களா?"

"எழுதினேன். திருப்பி வாங்கிக்கிட்டேன்."

"பேஷ்," என்றாள் மங்களம். "தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க. அவ வர்ற நேரம். உங்களப் பாத்தா இன்னும்கூட மிஸ்ஸுன்னு எழுந்து நிப்பா. அதை நான் பாக்க வேணாம்."

ஜூனில் புதிய வருடத்துக்கான புத்தகப் பட்டியல் வந்தது. சீனிவாசராகவன் அவரை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். தலையணைப் புத்தகத்தின் புதிய பதிப்பு மேசையில் இருந்தது. அவர் கருணையாகத்தான் பேசினார்.

"அந்த மெல்லிசு புஸ்தகத்தை சத்தமில்லாம எடுத்துடலாம். இதைப் போடும்மா. யாரும் எதுவும் கேக்க மாட்டா. உனக்கும் நிம்மதி."

சங்கமித்ரா புதிய பதிப்பைத் திறந்து கெண்டைக்கால் படத்தைப் பார்த்தார். அச்சு முன்னைவிட நன்றாக இருந்தது. நீலக் கோடுகள் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தன. ஓர எச்சரிக்கை இப்போது தடித்த எழுத்தில் இருந்தது. அதை இரண்டு முறை படித்தார். புத்தகத்தை மூடி அவர் பக்கம் நகர்த்தினார். பேனாவை வாங்கி, படிவத்தில் தசைப் பாடத்துக்கு நேராக மெல்லிய புத்தகத்தின் பெயரையே எழுதினார்.

"ஏம்மா?" என்றார் சீனிவாசராகவன். அவர் குரலில் கோபமில்லை, ஒரு பயம் இருந்தது.

சங்கமித்ரா கையெழுத்துக்குக் கீழே தேதியைப் போட்டார். படிவத்தில் காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தது. அதை அப்படியே விட்டு, தாளை அவரிடம் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் இல்லாததைத் தன் வாயாலேயே சொல்ல வகுப்புக்குப் போனார்.