எதிர்வீட்டு சைகஸ்

கரும்பு வெட்டும் கூலியாளாக இருந்து கச்சிராயபாளையத்தில் மாடிவீடு கட்டியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் தொட்டதெல்லாம் துலங்கியது. ஹாலில் வைக்கச் சென்னையிலிருந்து சைகஸ் வாங்கி வந்தேன். குட்டைத் தென்னைபோல ஓலை விரிக்கும் அழகுச்செடி. கரும்புக்குப் பாய்ச்சிப் பழகிய கை அல்லவா, தினமும் குருத்து நனைய ஊற்றினேன். மூன்றே மாதத்தில் அழுகியது. தெருவில் எறிந்தேன்.

சில வருஷம் கழித்து, கூலிவேலை செய்யும் எதிர்வீட்டு அஞ்சலையின் நடையில், பழைய பெயின்ட் டப்பாவில் அதே ஜாதிச் செடி குடை விரித்து நின்றது. என் விருந்தாளிகளே அதை எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"எப்படிம்மா வளர்த்தே?"

"மண்ணு நல்லா காஞ்சாதான் தண்ணி ஊத்துவேங்கண்ணா. ஜாஸ்தியானா செத்துரும்."

ஒரு மத்தியானம் அவள் வேலைக்குப் போயிருந்தபோது, குடம் நிறையத் தண்ணீரோடு போய்க் குருத்தின்மேல் சாய்த்தேன். முதல் சொட்டு விழுமுன் பின்னால் குரல்.

"ஐயோ, ஊத்தாதீங்கண்ணா! வெயிலாச்சேன்னு பாவம் பாத்து வந்தீங்களா? அப்படித்தான் உங்க செடிய சாவடிச்சீங்க."

சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். சிரித்தபடியே டப்பாவைத் திருப்பினாள். தண்டின் அடியில் ஒரு பக்கக்கன்று.

"நீங்க தூக்கிப் போட்டதுல ஒரு குட்டி உசுரோட இருந்துச்சு, அதான் இது. இப்ப இது ஒண்ணு வுட்டுருக்குது. உங்களுக்குத்தான் வளத்துக்கினு இருக்கேன்."

நான் வந்த காரணத்தை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அந்தக் குட்டி இப்போது என் ஹாலில் நிற்கிறது. நானே சம்பாதித்தது என்று சொல்லிக்கொள்ள முடியாத பொருள் என் வீட்டில் அது ஒன்றுதான்.