இறால் கூடும் இடத்தை இணையத்தில் போட்டேன்

பழவேற்காடு ஏரியைப் பற்றி ஒரு மின்னூல் எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளட்டும் என்று புனைபெயரில் இணையத்தில் போட்டேன். அவ்வளவு தாராள மனசு எனக்கு! இறால் கூடும் இடங்களைக்கூட வரைபடமாகச் சேர்த்திருந்தேன்.

எங்கள் ஊரில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் கூடிப் பிரித்துக்கொடுக்கும். பக்கத்து வீட்டு சேகர் தன் பாடு வந்த நாளில் ஏரிக்குப் போனபோது, வெளியூர்க்காரர்கள் அங்கே வலை விரித்திருந்தார்கள்.

வெறும் படகோடு திரும்பியவன் நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணா, எவனோ நம்ம இடத்தையெல்லாம் நெட்டுல போட்டுகிறான். அந்த வெளியூர்க்காரனுங்க போன்ல நானே பாத்தேன். உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, எவன்னு பாத்து சொல்லு."

"கஸ்மாலம், கையில மாட்டட்டும் அவன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு மெல்லக் கேட்டேன்: "கண்டுபிடிச்சா இன்னா பண்ணுவ?"

"அடிக்கவா போறேன்? எங்கள ஒரு வார்த்தை கேட்டியாடான்னு கேப்பேன்."

அதற்குமேல் நடிக்க முடியவில்லை. "கேக்கல சேகர். நான்தான் போட்டேன்."

அவன் திட்டவில்லை. நனையாத வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்றே நூலை நீக்கினேன். ஆனால் இறக்கியவர்களிடம் அது இருக்கிறது. இப்போதெல்லாம் சேகர் எதிரே வந்தால், ஊரையே சிரிக்கவைக்கும் எனக்கு ஒரு வார்த்தை வருவதில்லை.